பி.எம்.ஐ. 24.8: ஒரு அட்டவணை ‘சரி’ என்கிறது, இன்னொன்று ‘அதிகம்’ என்கிறது. எதை நம்புவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. வயது 34, உயரம் 168 செ.மீ., எடை 70 கிலோ, உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு 24.8. இணையத்தில் கணக்குப் போட்டால் ‘ஆரோக்கியமான எடை’ என்று வருகிறது. உடல் பரிசோதனை அறிக்கையில் அதே எண்ணுக்குப் பக்கத்தில் ‘அதிக எடை’ என்று எழுதியிருக்கிறது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் வருகிறது, டேப் வைத்து அளந்தால் 93 செ.மீ. என்கிறீர்கள். பளு தூக்கும் நண்பருக்கு பி.எம்.ஐ. 27, அவர் இந்தக் கணக்கே பொய் என்று அடித்துச் சொல்கிறார். எந்த அட்டவணை சரி என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் உங்கள் உண்மையான கவலை கடைசி வரியில் இருக்கிறது: “அப்பாவுக்கு 45 வயதில் சர்க்கரை வந்தது, எனக்கும் வருமா?” இருபது வருடத்துக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அட்டவணைகளும் அவற்றின் கணக்குப்படி சரியே. தமிழில் கேட்டிருப்பதால் உங்களைத் தெற்காசியப் பூர்வீகம் உள்ளவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இரண்டாவது அட்டவணைதான் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் நீங்கள் எழுதியதில் 24.8-ஐ விட முக்கியமான விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அந்த 93, இன்னொன்று அப்பா. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பி.எம்.ஐ. என்பது எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுப்பது, அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் 70-ஐ 1.68-ஆல் வகுத்து, வந்ததை மறுபடியும் 1.68-ஆல் வகுத்தால் 24.8. இதில் கொழுப்பு எங்கேயும் வரவில்லை, தசை வரவில்லை, வயது வரவில்லை, ஆணா பெண்ணா என்பதும் வரவில்லை. இந்தக் கணக்கை முதலில் கண்டுபிடித்தவர் மருத்துவரும் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே வானியலாளர், புள்ளியியலாளர். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்ள மக்களின் அளவுகளைத் திரட்டிக்கொண்டிருந்தவர். வளர்ந்த மனிதர்களில் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1832-இல் அவர் கவனித்தார். யாருக்கு உடல் பருமன் என்று கண்டுபிடிப்பது அவருடைய நோக்கமாகவே இருக்கவில்லை.

அதற்கு அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் மருத்துவ உலகம் வேறு கணக்குகளில்தான் ஓடியது. உயரத்தில் 100-ஐக் கழித்தால் வருவதே சரியான எடை என்று வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அது பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரில் வழங்கும் கணக்கு. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் எடை அட்டவணைகள்தான் ஆட்சி செய்தன. 1972-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் பல நாடுகளைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை எடுத்து, எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பல கணக்குகளை ஒப்பிட்டார்கள். தோலடிக் கொழுப்போடு ஓரளவு நன்றாக ஒத்துப்போனதும், உயரத்தால் அதிகம் திரியாததும் கெட்லேயின் பழைய கணக்குதான். அதற்கு ‘உடல் நிறைக் குறியீட்டெண்’, அதாவது பி.எம்.ஐ., என்று பெயர் வைத்தது அந்தக் கட்டுரைதான். இது குறையே இல்லாத அளவு என்று கீஸ் சொல்லவில்லை. இருக்கிற எளிய கணக்குகளில் இது மற்றவற்றுக்குக் குறைந்ததில்லை என்பதே அவர் கருத்து. ஆராயப்பட்டவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, இது கூட்டத்தை அளக்கப் பிறந்த கணக்கு. கூட்டத்தை அளப்பதில் இது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2016-இல் வெளியான ஒரு பெரிய கூட்டாய்வு, நான்கு கண்டங்களில் நடந்த 239 ஆய்வுகளில் இருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. புகைபிடிக்காத, ஆரம்பத்தில் நாட்பட்ட நோய் இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது 20-க்கும் 25-க்கும் இடையில். அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் கூடியது. பத்தாயிரம் பேரை வரிசையாக நிறுத்தினால் பி.எம்.ஐ. 33 உள்ளவர்களிடம் நீரிழிவும் ரத்த அழுத்தமும் 22 உள்ளவர்களைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ‘இந்தக் கணக்கே பொய்’ என்ற உங்கள் நண்பரின் பேச்சை இந்த இடத்தில் ஏற்க முடியாது.

சிக்கல் வருவது அந்த வரிசையில் இருந்து ஒருவரை மட்டும் தனியாக அழைத்து அவருக்குத் தீர்ப்பு சொல்லும்போதுதான். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் சொந்த உடலையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலாக 22.3. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படத்தைப் பார்த்தால் இருவருமே ஒல்லி. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண், இரட்டிப்புக்கும் மேல் வித்தியாசம். “ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எப்படி சர்க்கரை வந்தது?” என்று என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கான பதில் இந்த ஒரு படத்தில் இருக்கிறது.

தெற்காசியர்களுக்கு ஒரே பி.எம்.ஐ.-யில் ஐரோப்பியர்களைவிடச் சராசரியாகக் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பதும், அந்தக் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்கிறது என்பதும், நீரிழிவு குறைந்த எடையிலேயே, குறைந்த வயதிலேயே வருகிறது என்பதும் உறுதியாகத் தெரிந்தவை. ஏன் அப்படி என்பதில்தான் கருத்து வேறுபாடு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஊட்டம் குறைந்து, தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் உடலாகக் குழந்தை பிறக்கிறது என்பது ஒரு விளக்கம். தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேமிக்கும் இடம் சீக்கிரம் நிரம்பிவிட, மிச்சம் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் போய்ச் சேர்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சான்றுகள் இருக்கின்றன, இரண்டுமே முடிந்துபோன விவாதங்கள் இல்லை.

இப்போது உங்கள் இரண்டு அட்டவணைகளுக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அட்டவணையில் 18.5 முதல் 25-க்குள் என்றால் இயல்பு, 25-இல் இருந்து அதிக எடை, 30-இல் இருந்து உடல் பருமன். அந்த நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு ஆசிய மக்களின் விவரங்களைப் பார்த்துவிட்டு, 2004-இல் வெளியான அறிக்கையில், பொது அட்டவணையை மாற்றாமல், 23, 27.5 என்ற எண்களையும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகச் சேர்த்தது. இந்தியாவில் 2009-இல் மருத்துவர்கள் கூடி எடுத்த கருத்தொற்றுமையின்படி 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன். உங்கள் இணையக் கணக்கீடு முதலாவதைப் பின்பற்றுகிறது, பரிசோதனை அறிக்கை ஆசியர்களுக்கான கோட்டைப் பின்பற்றுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் கோடுகளை நீங்கள் சுவர்களாக நினைத்துவிடக் கூடாது. ஆபத்து என்பது ஒரு சரிவான மேடு மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிறது. 22.9-இல் இருந்த உடல் 23.1-க்குப் போனதும் வேறு உடலாகிவிடாது. மேட்டில் எங்கே கோடு கிழிப்பது என்பதை மனிதர்கள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்த கோட்டை 25-க்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கிராம்கூட ஏறாமல் இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ‘அதிக எடை’ ஆனார்கள். போதாததற்கு அளப்பதிலேயே பிசகு வரும். உங்கள் உயரத்தை 166 என்று யாராவது தவறாகக் குறித்திருந்தால் பி.எம்.ஐ. 25.4. 170 என்று குறித்திருந்தால் 24.2. செருப்போடு அளந்தாலே இந்த அளவு மாறிவிடும். எடையும் ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். அதனால் கோட்டுக்கு ஒட்டி நிற்கிற எண்ணைப் பார்த்து யாரும் அழவும் வேண்டாம், நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம்.

அதனால்தான் அந்த 93 முக்கியம் என்கிறேன். தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படி இல்லை. அது கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், அழற்சியைத் தூண்டும், இன்சுலின் சொல்வதைக் கல்லீரலும் தசையும் கேட்காதபடி செய்யும். வெளியில் இருந்து இதை மதிப்பிட இருக்கும் மலிவான கருவி தையல்காரரின் டேப்தான். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு வைத்திருக்கும் வரம்பு. இன்னும் எளிமையான விதி, இடுப்பு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ் 2022 முதல் இதைப் பரிந்துரைக்கிறது. உங்களுக்குப் பாதி 84. நீங்கள் 93-இல் இருக்கிறீர்கள், அதாவது விகிதம் 0.55. நைஸ் கணக்கில் 0.5 முதல் 0.6-க்குள் என்றால் ஆபத்து கூடுதல், 0.6-உம் அதற்கு மேலும் என்றால் ஆபத்து மிக அதிகம்.

டேப்பைச் சரியாக வைத்தீர்களா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்பின் அடிப்பக்கத்துக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், தரைக்கு இணையாக, இறுக்காமல் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. பேன்ட் அளவைச் சொல்லி ஏமாந்துவிடாதீர்கள். தொந்திக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, “பத்து வருடமாக எனக்கு 34-தான் டாக்டர்” என்று சொல்லும் பலரின் இடுப்பு, டேப்பில் 100-ஐத் தாண்டும்.

உங்கள் நண்பர் விஷயம். வருடக்கணக்கில் பளு தூக்குகிறவருக்கு 27 என்றால், அது தசையாக இருக்கலாம். அவருடைய இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருந்து, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் அந்த 27-ஐப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் ‘எனக்குத் தசை அதிகம்’ என்று நம்புகிறவர்கள் நிறைய, உண்மையிலேயே தசையால் எண் ஏறியவர்கள் கொஞ்சம். நடைமுறையில் பி.எம்.ஐ. அதிகம் தவறுவது அந்தப் பக்கத்தில் இல்லை, உங்கள் பக்கத்தில்தான்: எண் சாதாரணமாக இருக்கும், உள்ளே கொழுப்பு கூடியிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பயில்வானைத் தவறாகக் குண்டு என்று சொல்வதால் பெரிய கேடு ஒன்றும் வராது. ஒல்லியான கை கால்களைப் பார்த்து ஒருவரை ‘நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்’ என்று அனுப்பிவைத்து, ஐந்து வருடம் கழித்து அவர் நீரிழிவோடு திரும்பி வருவதுதான் எனக்கு உறுத்துகிறது. என் ஆரம்ப காலத்தில் நானே அப்படிச் சிலரை அனுப்பியிருக்கிறேன். அதற்கு அப்புறம்தான் மேசை இழுப்பறையில் டேப் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு இந்த 18.5, 23, 25 எதுவும் பொருந்தாது; வயதுக்கும் பாலினத்துக்கும் தனி வளர்ச்சி வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு 15 என்பது சாதாரணம். அதைப் பெரியவர்களின் அட்டவணையில் பார்த்துப் பயந்து ஊட்டித் தள்ளாதீர்கள். கர்ப்ப காலத்தில் கர்ப்பத்துக்கு முந்தைய பி.எம்.ஐ.தான் கணக்கு. கால் வீக்கம், வயிற்றில் நீர் கோத்தல் உள்ளவர்களுக்கு எடை பொய் சொல்லும். முதியவர்களின் விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். வயதாக ஆகத் தசை கரைகிறது, முதுகெலும்பு அமுங்கி உயரமும் குறைகிறது. எண் அப்படியே இருக்கும், உள்ளே தசையின் இடத்தில் கொழுப்பு வந்திருக்கும். எழுபதைத் தாண்டியவர்களில் கொஞ்சம் கூடுதல் எடை உள்ளவர்கள் ஒல்லியானவர்களைவிட நன்றாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. உண்மையிலேயே கூடுதல் எடை காக்கிறதா, அல்லது மறைந்திருக்கும் நோயால் இளைத்தவர்கள் ஒல்லிப் பக்கத்தில் சேர்ந்துவிடுவதால் அப்படித் தெரிகிறதா என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. எது எப்படியோ, வயதானவரிடம் எடையைக் குறையுங்கள் என்று சொல்வதற்கு முன்னால் அவரால் நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று நான் பார்ப்பேன். எந்த வயதிலும், முயற்சி செய்யாமலே ஆறு மாதம் ஒரு வருடத்தில் எடையில் 5 சதவீதம் இறங்கினால், பி.எம்.ஐ. எந்தக் கட்டத்தில் இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். ‘நார்மலுக்கு வந்துவிட்டேன்’ என்று சந்தோஷப்படுகிற இடம் அது இல்லை.

‘எடை அதிகம், ஆனால் பரிசோதனை எல்லாம் சரி’ என்ற நிலை உண்மையில் உண்டா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். உண்டு. ஆனால் அப்படி இருப்பவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தால் கணிசமானவர்களுக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரையோ பின்னால் வந்துசேர்கிறது. அதை நிரந்தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. 2025 தொடக்கத்தில் ‘லான்செட்’ ஆணையம் ஒன்று, பி.எம்.ஐ.-யை மட்டும் வைத்து உடல் பருமனை முடிவு செய்யாதீர்கள், இடுப்பு அளவு போன்ற வேறு ஓர் அளவையும் சேர்த்துப் பாருங்கள், கொழுப்பால் உறுப்புகள் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று தனியாகக் கேளுங்கள் என்று சொன்னது. அதன் வகைப்படுத்தல் எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அந்தத் திசை சரியானது என்பது என் கருத்து.

இனி உங்கள் கடைசி வரி. உங்களுக்குச் சர்க்கரை வரும் என்றோ வராது என்றோ இங்கிருந்து சொல்ல முடியாது. உங்களை நான் பார்க்கவில்லை, பரிசோதனை முடிவுகளும் என்னிடம் இல்லை. அப்பாவுக்கு 45-இல் வந்ததும், உங்கள் இடுப்பு 93-இல் இருப்பதும் சேர்ந்து, உங்களுக்கு வாய்ப்பு சராசரியைவிடக் கூடுதல் என்பது மட்டும் நிச்சயம். அதனால் பி.எம்.ஐ.-யைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனை, கல்லீரல் நொதிகள், ரத்த அழுத்தம் இவற்றைப் பாருங்கள். எச்பிஏ1சி 5.7-க்குக் கீழ் என்றால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-உம் அதற்கு மேலும் என்றால் இன்னொரு பரிசோதனையோடு சேர்த்து நீரிழிவு என்று உறுதி செய்வார்கள். ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டி, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 40-க்குக் கீழே இருந்தால், சர்க்கரை இன்னும் ஏறாவிட்டாலும் இன்சுலின் திணறத் தொடங்கியிருக்கலாம் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

முன்நிலையில் இருந்தாலும் பயப்பட வேண்டாம். இதைத் தடுக்க முடியும் என்பதற்கு மருத்துவத்தில் நல்ல உறுதியான சான்று இருக்கிறது. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்கு கொடுக்கப்பட்டவர்களில் நீரிழிவு புதிதாக வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களில் குறைந்தது 31 சதவீதம்தான். உங்கள் 70 கிலோவில் 7 சதவீதம் என்பது 5 கிலோவுக்குச் சற்றுக் கீழே. அங்கே போனால் உங்கள் பி.எம்.ஐ. ஏறத்தாழ 23-க்கு வந்துவிடும். ஆனால் உங்கள் கை கால் ஒல்லி என்பதால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: பட்டினி கிடந்து இந்த 5 கிலோவை இறக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் தசையும் சேர்ந்து கரையும். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். நடையோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும், போதுமான புரதமும் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் நண்பரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிச் செய்யும்போது தராசு சில வாரங்கள் அசையாமல் நிற்கலாம். கொழுப்பு இறங்கித் தசை ஏறினால் எடையும் பி.எம்.ஐ.-யும் அதைக் காட்டாது. மாதம் ஒரு முறை, காலையில், சாப்பிடுவதற்கு முன்னால், அதே இடத்தில் டேப்பை வைத்து அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் 93 என்பது 89 ஆகியிருந்தால், தராசு என்ன சொன்னாலும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பரிசோதனை முடிவுகள் வந்ததும், உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் அவற்றைக் காட்டும்போது அப்பாவுக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவர்கள் கேட்க விட்டுப்போகிற கேள்வி அதுதான்.